லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு பற்றிய அறிக்கையை எப்படிக் கேட்டு வாங்குவது?

மேற்பிரிவு மகள் | 2026 ஜனவரி 19

எல்லோருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில், பத்துக் காம்பரா லயம் ஒன்றில், அதாவது ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கிறோம். போன நவம்பரில் டித்வா புயல் அடித்த இரவு லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டில் வெடிப்பு விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது என் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. பன்னிரண்டு நாட்கள் பாடசாலை மண்டபத்தில் தங்கிவிட்டுத் திரும்பினோம்.

டிசம்பர் நடுவில் அதிகாரிகள் நால்வர் வந்தார்கள். நாடா பிடித்து அளந்தார்கள், படம் எடுத்தார்கள், ஒவ்வொரு காம்பராவின் கதவு நிலையிலும் சிவப்பு மையால் ஓர் இலக்கம் எழுதினார்கள். எங்கள் வீட்டுக்கு 7. "பெரிய மழை வந்தால் இங்கே இருக்காதீர்கள்" என்று ஒருவர் சொன்னார். எங்கே போய் இருப்பது என்று அம்மா கேட்டதற்கு, "எல்லாம் அறிக்கையில் வரும்" என்றார். இன்று வரை அந்த அறிக்கையை நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை.

டிசம்பர் 15ஆம் திகதி நானே கடிதம் எழுதி, உள்ளூர் அலுவலகம் ஒன்றில் கையில் கொடுத்தேன். முன்மேசையில் இருந்தவர் படித்துவிட்டு, "இது தோட்டத்துக் காணி, துரையிடம் கேளுங்கள்" என்றார். தோட்டக் காரியாலயத்தில் கேட்டால், "அது அரசாங்கத்துக் காகிதம், எங்களிடம் இல்லை" என்கிறார்கள். கடிதத்தை வைத்துவிட்டு வந்தேன். போன வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். அப்படியொரு கடிதமே வரவில்லை என்றார்கள்.

மறுபடி மழை தொடங்குவதற்குள் அந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டும். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அலுவலகத்தின் பெயரைக் கேட்க வேண்டாம். நாளைக்கும் அங்கேதான் நான் போய் நிற்க வேண்டும்.

பசறைத் தம்பி | 2026 ஜனவரி 19

அக்கா, எங்கள் பக்கமும் இதே கதைதான். எங்கள் வீட்டுச் சுவரிலும் இலக்கம் இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டோம்.

பழைய கோப்பு | 2026 ஜனவரி 20

மகள், நான் முப்பத்திரண்டு வருடம் பிரதேச செயலகங்களில் எழுதுவினைஞராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் கடிதம் எங்கே தொலைந்தது என்று அங்கே வராமலே என்னால் சொல்ல முடியும்.

அலுவலகத்துக்குத் தபாலில் வரும் கடிதம் முதலில் உள்வரும் கடிதப் பதிவேட்டில் ஏறும். திகதி முத்திரை விழும். பெரியவர் பார்த்து ஓரத்தில் யாருக்கு என்று எழுதுவார். பிறகு அந்த விடயத்துக்குப் பொறுப்பானவரின் மேசைக்குப் போய், அவர் அதைக் கோப்பில் இட்டுக் குறிப்பு எழுதுவார். பதிவேட்டில் ஏறிய கடிதத்தை "வரவில்லை" என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது. முன்மேசையில் கையில் கொடுத்த கடிதம் அப்படியல்ல. வாங்கியவர் அதை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுத் தேநீருக்குப் போனால், அதோடு அதன் ஆயுள் முடிந்தது.

ஆகவே முதல் வேலை இது. தகவலுக்கான உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். கடிதத்தின் தலையில் "தகவல் அலுவலர் அவர்களுக்கு" என்று எழுதுங்கள். கையில் கொடுத்தால் கிடைத்ததற்கான எழுத்து மூல ஒப்புகை வாங்காமல் படி இறங்காதீர்கள். அதைக் கொடுப்பது அவருடைய கடமை, சலுகை அன்று. கொடுக்க மறுத்தால் தபாற்கந்தோருக்கு நடந்து பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தச் சிறிய சீட்டு உங்களுக்குச் சாட்சி.

அலுவலகத்துக்குள் இருந்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலைநாட்டு ஆவண அறைகள் எப்படி இருக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நான் கடைசியாக இருந்த இடத்தில் ஆவண அறை கட்டடத்தின் மலைப்பக்கம். வருடத்தில் எட்டு மாதம் சுவர் வியர்க்கும். ஒரு முறை பழைய காணிக் கோப்பு ஒன்றைத் தேடி மூன்று நாள் அலைந்தேன். கிடைத்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை போல இருந்தது. சவர பிளேடால் ஒவ்வொரு தாளாகப் பிரித்தேன். ஒரு தாளில் இருந்த கையெழுத்து எதிர்த்தாளில் தலைகீழாகப் பதிந்திருந்தது. மிச்சத்தை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது. அந்தக் கோப்புக்காக வந்து நின்ற அம்மாவிடம் அதைக் காட்டியபோது அவர் அழுதார். இருக்கும் பதிவுகளைப் பத்து வருடமாவது, புதியவற்றைப் பன்னிரண்டு வருடமாவது பேணிக் காக்க வேண்டும் என்று சட்டம் இன்று சொல்கிறது. அதற்கு ஒரு காய்ந்த அறை வேண்டும். அதைக் கட்டிக் கொடுக்க வேண்டியவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

ஊவாக்காற்று | 2026 ஜனவரி 20

ஐயா சொன்னதற்கு மேல் ஒரு விடயம். இதைப் பலர் தவற விடுகிறார்கள்.

சாதாரண விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். கேட்பவரின் உயிரோடும் ஆள்சார் சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட விடயமானால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். அது 25ஆம் பிரிவில் இருக்கிறது. வெடித்த மேட்டுக்குக் கீழே படுத்துறங்கும் குடும்பத்துக்கு, அந்த மேடு எவ்வளவு ஆபத்தானது என்ற அறிக்கை உயிரோடு சம்பந்தப்பட்டதில்லை என்றால் வேறு எதைத்தான் சொல்வார்கள்? கடிதத்தின் முதல் வரியிலேயே அதைக் குறிப்பிடுங்கள் தங்கச்சி. நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களாக எண்ண மாட்டார்கள்.

நான் கொஸ்லந்தைப் பக்கத்தைச் சேர்ந்தவள். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மலை இறங்கியது. வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது லயங்கள் இருந்த இடத்தில் சேறு இருந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்ததாக அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். எச்சரிக்கை எங்கோ ஒரு கோப்பில் இருந்தது. மண்ணுக்குக் கீழே போனவர்களில் எத்தனை பேர் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துப் பார்த்திருப்பார்கள்? அன்றைக்கு இந்தச் சட்டம் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. அதனால்தான் "கேட்டு அலுத்துவிட்டது" என்று பசறைத் தம்பி எழுதியதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. அலுத்துவிடாதீர்கள் தம்பி.

மேசைக்கு உள்ளே | 2026 ஜனவரி 21

நான் மலையகத்தில் ஓர் அலுவலகத்தில் தகவல் அலுவலராக இருக்கிறேன். திட்டுவீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

தகவல் அலுவலர் என்று எனக்குத் தனியாக ஓர் ஆசனம் இல்லை. எனக்கு ஏற்கெனவே மூன்று விடயங்கள் பொறுப்பு. நான்காவதாக இதையும் தந்தார்கள். எனக்கு முன் இருந்தவர் இடமாற்றம் பெற்றுப் போனபோது, நிலுவையில் இருந்த விண்ணப்பங்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

வரும் விண்ணப்பங்களைப் பாருங்கள். "1992 முதல் இன்று வரை எமது தோட்டம் தொடர்பான எல்லா ஆவணங்களும் வேண்டும்" என்று ஒருவர் கேட்கிறார். அந்த ஒரு வரிக்கு ஆவண அறையைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். இன்னொருவர், "ஏன் எங்களுக்கு வீடு தரவில்லை?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் எந்தக் கோப்பிலும் இல்லை. என்னிடம் இருக்கும் காகிதத்தைத்தான் நான் தர முடியும், இல்லாத விளக்கத்தை எழுதித் தர முடியாது. மூன்றாமவர் பக்கத்து வீட்டுக்காரரின் சமுர்த்தி உதவிப் பண விபரத்தைக் கேட்கிறார். தனிப்பட்டவர்களின் விபரத்தை மறுக்க 5ஆம் பிரிவில் இடம் இருக்கிறது.

தங்கையின் விண்ணப்பம் இவற்றைப் போன்றதன்று. அது ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இடத்தில் செய்த பரிசோதனை. அப்படிக் கேட்டால் எனக்கு அரை மணித்தியால வேலை. ஏன் வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

ஊவாக்காற்று | 2026 ஜனவரி 21

கடைசி வரியை மட்டும் ஏற்க மாட்டேன் ஐயா. ஏன் வேண்டும் என்று பிரஜை சொல்லத் தேவையில்லை, காரணம் கேட்கவும் கூடாது என்று 24ஆம் பிரிவில் தெளிவாக இருக்கிறது. "எதற்கு உங்களுக்கு இது?" என்ற கேள்வியால்தான் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் வாசலிலிருந்தே திரும்பிப் போகிறார்கள். துரை கேட்பார், கணக்கப்பிள்ளை கேட்பார், கந்தோரிலும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே மூன்று தலைமுறை போய்விட்டது.

மேசைக்கு உள்ளே | 2026 ஜனவரி 21

சரி அக்கா. காரணம் கட்டாயம் என்று நான் சொல்லவில்லை. 48 மணித்தியாலம் என்று கேட்பவர் தன் வீடு அந்த மேட்டுக்குக் கீழே இருக்கிறது என்பதையாவது சொன்னால்தான் எனக்குப் புரியும் என்ற எண்ணத்தில் எழுதினேன். நான் எழுதிய விதம் தவறு. திருத்திக்கொள்கிறேன்.

பழைய கோப்பு | 2026 ஜனவரி 21

தம்பி வந்து மனம் திறந்து எழுதியது நல்லது. உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு: கொடுத்தால் பிறகு என் கழுத்துக்கு வருமோ என்று. எனக்கும் இருந்தது. சட்டப்படி தகவலை வெளியிட்டதற்காக எந்த உத்தியோகத்தரையும் தண்டிக்க முடியாது என்று அதே சட்டத்தில் இருக்கிறது. வேண்டுமென்று தகவலை மறைப்பவருக்கும் அழிப்பவருக்கும்தான் குற்றப்பணமும் சிறையும். இதைப் பயிற்சி வகுப்பில் முதல் பாடமாகச் சொல்லியிருந்தால் எத்தனையோ கோப்புகள் எப்போதோ திறந்திருக்கும்.

மேற்பிரிவு மகள் | 2026 ஜனவரி 22

எல்லோருக்கும் நன்றி. இரவு இரண்டு தடவை படித்தேன். மூன்று சந்தேகங்கள்.

தோட்டத்துக் காணி என்று மறுபடி சொன்னால் என்ன செய்வது? என் பெயரில் கேட்டால் தோட்டத்தில் அப்பாவின் வேலைக்கு ஏதாவது தொந்தரவு வருமா? பக்கத்துக் காம்பராப் பாட்டிக்கு எழுதத் தெரியாது. அவரும் கேட்க வேண்டும் என்கிறார். முடியுமா?

ஊவாக்காற்று | 2026 ஜனவரி 22

பாட்டியிலிருந்து தொடங்குகிறேன். எழுத முடியாதவர் வாயால் கேட்கலாம். கேட்டதை எழுத்தில் பதிவது தகவல் அலுவலரின் கடமை. பாட்டியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்பாவின் வேலை பற்றிய பயம் எனக்கு நன்றாகத் தெரியும். சட்டத்தில் "பிரஜை" என்ற சொல்லுக்குள் அமைப்புகளும் வருகின்றன. அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் இலங்கைப் பிரஜைகளாக இருந்தால் போதும், அமைப்பு பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. உங்கள் லயத்தில் மரண உதவிச் சங்கம் இருக்கும்தானே? அதன் பெயரில், செயலாளர் கையெழுத்தோடு கேளுங்கள். ஒருவரை மட்டும் விரல் நீட்டிக் காட்ட முடியாது.

பிரஜை என்ற சொல்லை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாமாரை நாடற்றவர்கள் ஆக்கியது. இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை அங்கே கப்பலேற்ற எண்ணியது. மீதமிருந்த கடைசி ஆட்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது 2003இல். என் அம்மம்மா அந்தக் காகிதத்தை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். "ஒவ்வொரு பிரஜைக்கும் தகவலை அணுகும் உரிமை உண்டு" என்று அரசியலமைப்பின் 14அ உறுப்புரையில் 2015இல் எழுதினார்கள். அந்த "ஒவ்வொரு" என்பதற்குள் நாங்கள் வந்து சேர எத்தனை வருடம் ஆனது என்று கணக்குப் பாருங்கள். அதைப் பயன்படுத்தாமல் விடக் கூடாது.

பழைய கோப்பு | 2026 ஜனவரி 23

தோட்டத்துக் காணி என்ற பதிலுக்கு வருகிறேன். மலையகத்துக்கென்றே உள்ள தலைவலி இது. எழுபதுகளில் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992க்குப் பிறகு நிருவாகத்தைப் பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுத்தது. அன்று முதல் நம்மைப் பற்றிய காகிதங்கள் இரண்டு வீடுகளில் கிடக்கின்றன. ஒரு வீட்டில் கேட்டால் மற்ற வீட்டைக் காட்டுவார்கள்.

அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் தோட்டமோ ஜனவசம என்னும் அரச தோட்டச் சபையின் தோட்டமோ என்றால் அவர்களும் சட்டத்துக்குள் வரும் பகிரங்க அதிகாரசபைதான், நேரடியாகவே கேட்கலாம். தனியார் கம்பனி என்றால் அரசுக்கு நான்கில் ஒரு பங்கு உரிமை இருக்கிறதா என்றெல்லாம் வாதாட வேண்டி வரும். உங்களுக்கு அது வேண்டாம். காணி யாருடையதாக இருந்தாலும் பரிசோதனை செய்தவர்கள் அரச அதிகாரிகள். காகிதம் அரச அலுவலகத்தின் வசம் இருக்கிறது. சட்டம் கேட்பது அது யார் வசம் என்பதைத்தான். மண்சரிவுப் பரிசோதனை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. நான் வேலை பார்த்த காலத்தில் அதன் அறிக்கைப் பிரதி பிரதேச செயலாளருக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் வந்து சேரும். ஆகவே ஒரே நாளில் மூன்று இடத்துக்கும் ஒரே கடிதம் போகட்டும்.

படிவத்தைத் தேடி அலையாதீர்கள், சாதாரண கடிதம் போதும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. கடிதத்தை இப்படி எழுதுங்கள்:

"2025 டிசம்பர் மாதம் எமது தோட்டத்தின் மேற்பிரிவில், 1 முதல் 10 வரை இலக்கமிடப்பட்ட வீடுகள் உள்ள லயத்தில் செய்யப்பட்ட மண்சரிவு ஆபத்துப் பரிசோதனையின் (1) அறிக்கைப் பிரதி, (2) வரைபடம், (3) அதன் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை பற்றிய கோப்புக் குறிப்புகள். நாங்கள் இந்த லயத்தில் வசிக்கிறோம். இது எங்கள் உயிருடன் சம்பந்தப்பட்டதாகையால் 25ஆம் பிரிவின்படி 48 மணித்தியாலத்துக்குள் பதில் வேண்டும்."

மூன்றாவதை மறக்காதீர்கள். அறிக்கை என்ன சொன்னது என்பதை முதல் இரண்டும் சொல்லும். அதைப் படித்துவிட்டு யார் என்ன செய்தார், யார் சும்மா இருந்தார் என்பது குறிப்புத் தாளில்தான் இருக்கும்.

மேசைக்கு உள்ளே | 2026 ஜனவரி 23

இந்தக் கடிதம் என் மேசைக்கு வந்தால் மறுக்க எனக்கு ஒரு வழியும் இல்லை. 5ஆம் பிரிவில் எந்த விலக்கைக் காட்டினாலும், பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் கொடுத்தே ஆக வேண்டும்.

பதில் வராவிட்டால் 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அவருக்கு மூன்று வாரம் உண்டு. அங்கேயும் நடக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். உண்மையைச் சொன்னால், மேன்முறையீட்டுக் கடிதம் ஒன்று வந்த பிறகுதான் பல அலுவலகங்களில் பெரியவர்கள் எங்களைக் கூப்பிட்டு, "அந்தக் கோப்பு எங்கே?" என்று கேட்கிறார்கள்.

மேற்பிரிவு மகள் | 2026 ஜனவரி 27

நேற்றுப் போனோம். சங்கத்தின் பெயரில் கடிதம், செயலாளர் மாமாவும் நானும் பாட்டியும். முன்மேசையில் அதே ஆள்தான். ஒப்புகை கேட்டதும் முகம் மாறியது. அரை மணித்தியாலம் நின்றோம். பாட்டி அங்கேயே வாங்கில் உட்கார்ந்து, "கடதாசி தந்தால்தான் எழும்புவேன்" என்றார். தந்தார்கள். திகதியும் முத்திரையும் இருக்கின்றன. மற்ற இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

மேற்பிரிவு மகள் | 2026 பெப்ரவரி 16

48 மணித்தியாலத்தில் யாரும் பதில் தரவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில், "தேடுகிறோம்" என்றார்கள். ஐந்தாம் தடவை அழைத்த பிறகு, 13ஆம் திகதி வெள்ளிக்கிழமை வந்து எடுத்துப் போகச் சொன்னார்கள். ஏழு பக்கம். முதல் நான்கு பக்கம் இலவசம், மீதி மூன்றுக்கு ஆறு ரூபாய் வாங்கிக்கொண்டு பற்றுச்சீட்டும் தந்தார்கள்.

அறிக்கை சிங்களத்தில் இருந்தது. எங்கள் பாடசாலை சிங்கள ஆசிரியை ஒருவர் சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து வாய்மொழியாகச் சொல்ல, நான் தமிழில் எழுதினேன். நேற்றுச் சிவராத்திரி. கோவிலில் எல்லோரும் விழித்திருந்தார்கள். அங்கே வைத்து வாசித்தேன்.

வரைபடத்தில் எங்கள் லயம் சிறிய கட்டங்களாக இருக்கிறது. கதவு நிலையில் எழுதிய அதே இலக்கங்கள். 5 முதல் 10 வரை உள்ள வீடுகளில் தொடர்ந்து வசிப்பது பாதுகாப்பற்றது, வேறு இடத்தில் குடியமர்த்த வேண்டும் என்று ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. அறிக்கையின் திகதி டிசம்பர் 22. நான் அந்த மேசைக்கு முன்னால் மறுபடி போய் நின்றது ஜனவரி 16. அப்போது இந்தக் காகிதம் அதே கட்டடத்துக்குள் இருந்திருக்கிறது. வந்து சேர்ந்த முத்திரை அதற்கு முந்தியது.

6ஆம் இலக்கத்தில் பாட்டி இருக்கிறார். வாசித்து முடித்ததும் எழுந்து வந்து, தாளில் தன் வீடு எது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். விரலை அதன் மேல் வைத்தபடியே நெடுநேரம் நின்றார். இரவு ஆறு வீட்டுக்காரர்களும் கோவில் மடத்திலேயே படுத்தோம்.

குறிப்புத் தாள் மட்டும் தரவில்லை. "உள்ளக ஆவணம்" என்று எழுதியிருக்கிறார்கள்.

ஊவாக்காற்று | 2026 பெப்ரவரி 16

உள்ளக ஆவணம் என்று ஒரு விலக்கு சட்டத்தில் இல்லை தங்கச்சி. 5ஆம் பிரிவின் எந்த உட்பிரிவு என்று அவர்கள் எழுதவில்லையென்றால் அதையே மேன்முறையீட்டில் முதல் காரணமாகப் போடுங்கள். ஆறு வீட்டையும் தற்காலிகமாக எங்கே வைக்கிறார்கள் என்று பிரதேச செயலாளருக்குத் தனியாக இன்றே எழுதுங்கள். ஆறாம் பக்கத்தின் பிரதியை அதோடு இணையுங்கள்.

பசறைத் தம்பி | 2026 பெப்ரவரி 17

அக்கா, அந்தக் கடிதத்தை அப்படியே பார்த்து எழுதி இன்று காலை கொடுத்துவிட்டு வந்தேன். ஒப்புகை கையில் இருக்கிறது. எங்கள் சுவரில் 3.

பழைய கோப்பு | 2026 பெப்ரவரி 17

மேன்முறையீட்டுக்கு 27ஆம் திகதி கடைசி நாள். மகள், இருபதாம் திகதிக்குள் தபாலில் போட்டுவிடுங்கள். வரைவை இங்கே இடுங்கள், நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன். ஒப்புகைச் சீட்டை இரண்டு பிரதி எடுத்து, மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, லயத்தில் வைக்காமல் வேறு யார் வீட்டிலாவது வையுங்கள்.